ஐவர் ஒப்பம்

இன்ன நாடு என்று இப்போது யாராலும் சொல்ல முடியாத ஒரு நாட்டை, வெகு காலத்துக்கு முன் விசயாதரன் என்ற மன்னன் ஆண்டுவந்தான். அவன் கட்டிய பொதுச் சுவடிச்சாலையில் எந்த நூலையும் எவரும் படி எடுக்கலாம், பிழை கண்டால் திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். ஒரு நாள் அவனுக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்தது.

“நம் கல்விக் கழகத்தார் எழுதிய மதகுக் கணக்கு அங்கே ஏன் இல்லை? உடனே சேர்த்துவிடு!” என்று விகடகவி ஆதிச்சனுக்கு ஆணையிட்டான்.

எவ்வளவு மழைக்கு ஏரியின் எந்த மதகை எவ்வளவு திறப்பது என்று சொல்லும் நூல் அது. ஐந்து புலவர்கள் அரண்மனைச் சோறு தின்று எழுதியது.

கழகத் தலைவர் நாகபூடணருக்கு ஆதிச்சனைக் கண்டாலே ஆகாது. “தாராளமாகச் சேர்க்கட்டும், மன்னா. முதல் ஏட்டிலுள்ள நிபந்தனைகளை மட்டும் மீறாதிருக்கட்டும்” என்றார்.

“மீறுபவன் எவனாயினும் அவன் தலை உருளும்” என்றான் மன்னன், யோசிக்காமல்.

ஆதிச்சன் முதல் ஏட்டைப் படித்தான். ‘கற்பதற்கு மட்டும். படி எடுக்கலாகாது. திருத்தலாகாது. ஆதாயத்துக்குப் பயன்படுத்தலாகாது. தளர்த்த வேண்டின் ஆக்கியோர் ஐவரும் ஒப்பமிடுக.’

மூவர் ஒப்பமிட்டார்கள். நான்காமவர் கடல் கடந்து போய்விட்டார். ஐந்தாமவர் இறந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. புன்னைக்குளத்து மதகுக்காரி மாடத்தி நனைந்தபடி வந்து நின்றாள்.

“ஐயா, ஏரி தளும்புதுங்க. எங்க ஏரிக்கு உள்ளதை மட்டும் ஒரு ஓலையில எழுதிக் குடுங்க. பொழச்சுக்குவோம்.”

ஆதிச்சன் நாகபூடணரிடம் ஓடினான். “ஐவர் ஒப்பம்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார் அவர். தலைக்குப் பயந்து ஆதிச்சன் மாடத்தியை வெறுங்கையோடு அனுப்பினான். மறுநாள் ஏரி உடைந்தது. பதினொரு பேர் வெள்ளத்தோடு போனார்கள்.

நான்காம் நாள் அரண்மனை ஏரியும் நிரம்பி, சபா மண்டபத்துக்குள் தண்ணீர் வந்தது. “மதகுக் கணக்கு எங்கே?” என்று அலறினான் மன்னன்.

ஆதிச்சன் சுவடியை நீட்டினான். “இதோ, மன்னா. தாராளமாகக் கற்கலாம். இதைப் பார்த்து மதகைத் தொட்டால் மட்டும் அரண்மனைக்கு ஆதாயம் ஆகிவிடும். அப்படித் தொடுபவர் தலையை வாங்கத் தங்கள் ஆணை இருக்கிறது.”

“என் தலையையுமா?”

“எவனாயினும் என்றீர்கள்.”

மன்னன் நாகபூடணரைப் பார்த்தான். முழங்கால் தண்ணீரில் நின்ற நாகபூடணர் நடுங்கினார். “ஐவர் தேவையில்லை, மன்னா! கழகத் தலைவன் ஒருவன் ஒப்பினாலே போதும். எங்கள் சட்டத்தில் இடமுண்டு. இப்போதே எல்லோருக்கும் தந்தேன்!”

மதகுகள் திறந்தன. தண்ணீர் வடிந்தது. நாகபூடணரின் நனைந்த பட்டாடையையும் நடுக்கத்தையும் பார்த்து மன்னன் விழுந்து விழுந்து சிரித்தான். தன் முத்துமாலையைக் கழற்றி ஆதிச்சன் கழுத்தில் போட்டான். ஆதிச்சன் சிரிக்கவில்லை.

முதல் படியை அவனே புன்னைக்குளத்துக்கு எடுத்துப்போனான். மாடத்தி அதை வாங்கிப் புரட்டினாள். தன் ஏரியின் பெயர் இருந்த ஏட்டில் அவள் விரல் நின்றது.

“நான் வந்தன்னிக்கும் இது இருந்துச்சாங்க?”

“இருந்தது, தாயே.”

“ஒருத்தர் சரின்னு சொல்லியிருந்தா போதுமா?”

“போதும்.”