கோழிக்குஞ்சுக்குக் கொண்டை முளைச்ச கதை

ஏட்டி கோமு, அங்க எட்டிப் பாக்காத. உன் காதுகுத்துக்குப் பெரியத்தை கூடத்துல உக்காந்து தட்டு சோடிக்கிறா. காலையில பாத்துக்கலாம். நானுந்தான் ஒரு தட்டு பண்ணி அந்தா பெட்டி மேல வச்சிருக்கேன். அதை எட்டிப் பாக்க இந்த வீட்ல ஒரு ஆளு இல்லை. சரி, படு. கதை சொல்றேன். நீ "ம்" கொட்டணும். "ம்" நின்னா கதையும் நின்னுரும்.

ஒரு ஊர்ல ஒரு வீடு. ஒரு வீடு, ஒரு அடுப்பு, ரெண்டு மருமக. மூத்தவ பேரு தாழம்பூன்னு வச்சுக்கோ. ஏன்னா கிட்ட போனா குத்துவா. இளையவ பேரு செவ்வந்தி. அவ நல்லவ, பாக்கவும் லட்சணமா இருப்பா. யாரு சொன்னாங்களா? நான் சொல்றேன், கேளு. அந்த வீட்ல ஒரு கடைக்குட்டிப் பொண்ணும் இருந்தா. இவங்க ரெண்டு பேரு புருஷமாருக்கும் கூடப்பொறந்த தங்கச்சி. அவ பேரு பிச்சி.

"ம்."

தாழம்பூ கல்யாணமாகி வந்தப்போ பிச்சிக்கு அஞ்சு வயசு. "மைனி, மைனி"ன்னு முந்தானையைப் பிடிச்சுக்கிட்டே திரிவா. தாழம்பூ தலைவாரி விட்டாத்தான் பள்ளிக்கூடம் போவா, தாழம்பூ ஊட்டினாத்தான் வாயைத் தொறப்பா. அப்புறம் இந்தத் தாழம்பூ இருக்காளே, அவளுக்குக் கைவேலைன்னா அப்படி ஒரு கைவேலை. நான் ஒத்துக்கிட்டுத்தான் ஆகணும். அந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் பூமாலையோ தட்டோ கடையில வாங்குற வழக்கம் கிடையாது. எல்லாம் வீட்டுப் பொம்பளைங்க கையாலதான். மணப்பொண்ணு மட்டும் தன் கல்யாணத்துக்குத் தானே பூவும் தட்டும் தொடக்கூடாது. அது மாமியா வச்ச சட்டம்.

ஒரு நாளு தாழம்பூ அரிசியை மஞ்சத்தண்ணியில ஊறவச்சுக் காயவச்சு, ஆரத்தித் தட்டுல ஒவ்வொண்ணா அடுக்கி மயில் போட்டுக்கிட்டு இருந்தா. அப்போ பிச்சி வந்து, எனக்கு மயில் வேண்டாம், கோழிக்குஞ்சுதான் வேணும்னு கால உதைச்சு அழுதா. சரின்னு தட்டோரத்துல ஒரு குட்டிக் குஞ்சு போட்டுக் கொடுத்தா. ஒரு காலை நான் வைப்பேன்னு பிச்சி வச்சா. அது குட்டையாப் போச்சு, நொண்டிக்குஞ்சு ஆயிருச்சு. ரெண்டு பேரும் கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. அதுல இருந்து தாழம்பூ எந்தக் கல்யாணத்துக்குத் தட்டு போட்டாலும், ஓரத்துல பாக்கு வைக்கிற வெத்தலைக்கு அடியில ஒரு நொண்டிக்குஞ்சு ஒளிஞ்சிருக்கும். அவங்க ரெண்டு பேருக்கு மட்டுந்தான் தெரியும்.

"ம்."

அப்புறம் செவ்வந்தி வந்தா. பிச்சியும் வளந்து பெரியவளானா. மாப்பிள்ளை பாத்து, தேதி வச்சு, வாசல்ல பந்தல்கால் நட்டாச்சு. இருவது கல்யாணத்துக்குத் தட்டு போட்ட தாழம்பூ, பிச்சி கல்யாணத்துக்கு எப்படிப் போடணும்னு மனசுக்குள்ள பத்து வருசமா போட்டு வச்சிருந்தா. அரிசி ஊறவைக்கலாம்னு பாத்திரத்தை எடுத்தப்போ மாமியா சொன்னாங்க, நிலைமாலை, பந்தி மேசைப் பூ, ஆரத்தித் தட்டு மூணும் சின்னவ பாத்துக்குறாளாம், பிச்சிதான் அப்படிக் கேட்டா, நீ அடுக்களையைக் கவனின்னு.

அவ்வளவுதான். தாழம்பூவுக்குக் குபுகுபுன்னு வயிறு எரிஞ்சுது. நான் தூக்கி வளத்த பிள்ளைக்கு, நேத்து வந்தவ தட்டு போடுறாளான்னு நினைச்சா. ஆரத்தித் தட்டை யாரு போட்டா என்னன்னு நீ கேப்ப. அவளுக்கு அது தட்டு இல்லைடி. பிச்சி யாருக்குச் சொந்தம்னு ஊருக்கு முன்னால சொல்ற விஷயம். பிச்சியும் செவ்வந்தியும் மச்சு ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு குசுகுசுன்னு பேசுவாங்க. உள்ள சிரிப்புச் சத்தம் கேக்கும். தாழம்பூ படி ஏறுனா டக்குன்னு சத்தம் நின்னுரும், ரேடியோ பாடும். அவளுக்குச் சோறு இறங்கலை. கல்யாணம் முடிஞ்ச மறுநாளே பெட்டியைக் கட்டிக்கிட்டு பொறந்த வீட்டுக்குப் போயிரணும், இந்த வாசல்ல இனி கால் வைக்கக்கூடாதுன்னு முடிவே பண்ணிட்டா.

ஏட்டி, "ம்" எங்க?

"ம்ம்."

மாப்பிள்ளை அழைப்பு அன்னைக்கு மத்தியானம். கொல்லையில அண்டா நிறைய நிலைமாலை கட்டி ஈரத்துணி போட்டு வச்சிருந்துது. வாசல் நிலையில தொங்கப் போடுற மாலை. தாழம்பூ சுத்தும் முத்தும் பாத்தா. கத்தரிக்கோலை எடுத்தா. நாரை நறுக் நறுக்குன்னு வெட்டிட்டா தூக்கும்போது பூ பூரா பொலபொலன்னு கொட்டிரும்ல, அதான் திட்டம். மாலையை ஒரு இழு இழுத்துப் பாத்தா. முடிச்செல்லாம் லொடலொடன்னு ஆடுது. இதை நான் வேற வெட்டணுமா, நடை வாசல் காத்துக்கே கொட்டிருமேன்னு அவளுக்கு எரிச்சல் வந்துருச்சு. வந்த வேலை மறந்து போச்சு. உக்காந்து அவுத்தா, இறுக்குனா. அவுத்தா, இறுக்குனா. ஒரு மணி நேரத்துல மொத்த மாலையையும் கட்டி முடிச்சிட்டுத்தான், அய்யய்யோ நான் என்ன செஞ்சேன்னு முழிச்சா.

வாசல்ல மாட்டினதும் எல்லாரும், செவ்வந்தி கட்டு என்னா இறுக்கம், என்னா இறுக்கம்னு சொன்னாங்க. செவ்வந்திக்கே ஒண்ணும் புரியலை. ஆனா வாயைத் தொறக்கலை. வர்ற புகழை வேண்டாம்னு யாராவது சொல்லுவாங்களா?

தாழம்பூவுக்கு இன்னும் எரிஞ்சுது. அப்புறம் பந்தி மேசைக்குப் போனா. சம்பந்தி வீட்டுக்காரங்க சாப்பிட உக்கார்ற மேசை. நடுவுல உருளியில தண்ணி ஊத்தி, ஏழு தாமரை மொட்டு மிதக்குது. எல்லாம் வாயை மூடிக்கிட்டு உம்முன்னு இருக்கு. குளத்துல இருந்து பறிச்சுட்டா தாமரை மொட்டு லேசுல விரியாதுடி. அது தெரியாம மொட்டு வாங்கியிருக்கா பாருன்னு தாழம்பூ மொணமொணன்னா. கசக்கித் தூரப்போட ஒரு மொட்டைக் கையில எடுத்தா. இதழைப் பிரிச்சா. பிரிச்ச விரலு சும்மா இருக்குமா? இருவது வருசமாக் கோயிலுக்குத் தாமரை மடிச்ச விரலு. ஒரு இதழை மடக்குன்னு உள்ளாற மடிச்சுது. அடுத்ததையும் மடக். மடக், மடக், மடக். ஏழு மொட்டும் ஏழு பெரிய பூவா விரிஞ்சு தண்ணியில உக்காந்துருச்சு.

"அப்போ அதுவும் நல்லாப் போச்சா?"

நல்லாத்தான் போச்சு, யாருக்கு? செவ்வந்திக்கு. சம்பந்தி வீட்டுல இருந்து முன்கூட்டியே வந்த ஒரு அம்மா, இப்படி மேசை நாங்க பாத்ததே இல்லை, உங்க சின்ன மருமக கையில தங்க வளையல்தான் போடணும்னு சொல்லிட்டுப் போனா. தாழம்பூ அடுக்களைக்குள்ள நின்னு அதைக் கேட்டா. தன் கை மேலேயே அவளுக்குக் கோபம் வந்துது. இந்தக் கையே எனக்கு எதிரின்னு வலது கையை இடது கையால ஒரு அடி அடிச்சா.

மூணாவது தடவை அவ யோசிக்கவே இல்லை. தெருமுனையில பீப்பீ டும்டும்னு மேளம் கேக்குது. மாப்பிள்ளை வந்துட்டாரு. மச்சு ரூம்ல ஆளில்லை. நடுவுல ஆரத்தித் தட்டு. மஞ்ச அரிசியில ஒரு பெரிய பூவு, சுத்தி இலை, ஓரத்துல பாக்கு வச்ச வெத்தலை. வேலை கொஞ்சம் கோணல்மாணலாத்தான் இருந்துது. ஆனா பாத்துப் பாத்துச் செஞ்சது. தாழம்பூ கையில ஆரத்தித் தண்ணிக்குக் கரைக்கிற சுண்ணாம்பு டப்பா. மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா என்ன ஆகும்?

"சிவப்பாகும்."

ஆங். அது உனக்கே தெரியுது. விரலைச் சுண்ணாம்புத் தண்ணியில முக்குனா. இந்தத் தடவை கை மாத்திச் செய்யுறதுக்கு முன்னால கண்ணை மூடிக்கிட்டா. சொட், சொட், சொட்டுன்னு தெளிச்சா. கண்ணைத் தொறந்து பாத்தா, மஞ்சப் பூவு முழுக்கச் சிவப்புச் சிவப்பாக் கறை. கெட்டுப் போச்சு. நிஜமாவே கெட்டுப் போச்சு.

தண்ணி வழிஞ்சு வெத்தலைக்கு அடியில ஓடிச்சு. எங்க ஓடுதுன்னு அவ வெத்தலையைத் தூக்குனா.

அடியில ஒரு கோழிக்குஞ்சு. ஒரு கால் குட்டை.

"ம்..."

 செவ்வந்திக்கு அந்தக் குஞ்சு தெரியாது. உலகத்துல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி தாழம்பூ. அப்போ தட்டு போட்டது யாரு? லொடலொட முடிச்சு யாரு முடிச்சு? விரியாதுன்னு தெரியாம தாமரை மொட்டு வாங்குனது யாரு? மணப்பொண்ணு பூவும் தட்டும் தொடக்கூடாதுல்ல. மாமியாளுக்குத் தெரிஞ்சா வைவாங்கன்னு செவ்வந்தி பேரைச் சொல்லிட்டு, கதவைச் சாத்திக்கிட்டு, பிச்சிதான் எல்லாத்தையும் செஞ்சிருக்கா. செவ்வந்தி அரிசி புடைச்சுக் கொடுத்தா, கதவுக்குக் காவல் இருந்தா, வந்த ஆளுக்கு ரேடியோ வச்சா.

கொலுசு சத்தம் கேட்டுது. ஜல் ஜல்லுன்னு பிச்சி வந்தா, பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வச்சு. பின்னாலயே செவ்வந்தி. தட்டைப் பாத்தாங்க, சுண்ணாம்பு விரலைப் பாத்தாங்க. தாழம்பூ பொய் சொல்லலை. அது ஒண்ணு அவகிட்ட உண்டு.

"நாந்தான் தெளிச்சேன். சின்னவ போட்டதுன்னு நினைச்சுத் தெளிச்சேன். அடிக்கணும்னா அடி பிச்சி."

பிச்சி குனிஞ்சு குஞ்சைப் பாத்தா. வழிஞ்ச சுண்ணாம்பு குஞ்சு தலை மேல பட்டு, அங்க மட்டும் செக்கச்செவேல்னு ஒரு புள்ளி.

"மைனி, உங்க குஞ்சுக்குக் கொண்டை முளைச்சிருச்சு"ன்னா. "இத்தனை வருசமா நீங்கதானே போட்டீங்க. என் கல்யாணத்துக்கு நான் போட்ட தட்டை நீங்க எடுக்கணும்னு இருந்தேன்."

தாழம்பூ அழுதா. மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதா. அப்புறம் மேளம் பக்கத்துல வந்துருச்சு, அழ நேரம் இல்லை. சுண்ணாம்பு விரலால கறை ஒண்ணொண்ணையும் தொட்டுத் தொட்டு இதழாக்குனா. தட்டைச் சுத்திப் புள்ளி வச்சா. மஞ்சப் பூவு செம்பூவா மாறுச்சு. பிச்சி நொண்டிக்காலை மட்டும் தொட விடலை.

ஆரத்தியை ரெண்டு பேரு பிடிக்கணும்ல? தாழம்பூ திரும்பிப் பாத்து, "வாடி சின்னவளே, ஒத்தைக் கையால நான் எப்படிச் சுத்துவேன்"னு கூப்பிட்டா. அப்போ ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு, மாப்பிள்ளைக்கு முன்னால மூணு சுத்து சுத்துனாங்க. ஆனா கோமு, அவ பிடிச்ச பக்கத்துலதான் குஞ்சு இருந்துது. என் பக்கம் வெறும் அரிசிதான்.

என்ன கேட்ட? என் பக்கம்னா சொன்னேன்? செவ்வந்தி பக்கம். சரி சரி, சிரிக்காத. நாந்தான் செவ்வந்தி. பிச்சி யாருன்னா கேக்குற? உன்னைப் பெத்தவதாண்டி. தாழம்பூவா? அந்தா கூடத்துல உக்காந்து அரிசி அடுக்கிக்கிட்டு இருக்கா பாரு, அவதான். நிலைமாலையும் தாமரையும் அவளே பின்னாடி என்கிட்ட மட்டும் சொன்னா. பொறந்த வீட்டுக்குக் கட்டுன பெட்டியையும் நாந்தான் அவுத்து வச்சேன்.

பத்து நாளு கண்ணு விழிச்சு அரிசி புடைச்சது நான். உங்கம்மா ஒரு குஞ்சு எனக்கும் போட்டிருக்கலாம். அவளுக்குத் தோணலை. எனக்கு அன்னைக்கும் எரிஞ்சுது, இன்னைக்கும் எரியுது. சொல்லிட்டேன்.

இப்போ உன் தட்டுல அவ குஞ்சு போடுவா, எனக்குத் தெரியும். காலையில நீ முதல்ல அந்தா பெட்டி மேல இருக்கிற என் தட்டைத்தான் வந்து பாக்கணும். அப்புறம் அதைப் பாத்துக்கோ. அவ விடிஞ்சதும் குஞ்சுக்குக் கொண்டை வைக்கச் சுண்ணாம்பு டப்பா எங்கன்னு வீடு பூராத் தேடுவா. நீ ஒண்ணும் சொல்லாத. அது என் தலையணைக்கு அடியில இருக்கு.

குஞ்சு கூட்டுக்குப் போயிருச்சு, கதையும் போயிருச்சு. கண்ணை மூடு கோமு.