விட்டுப்போன எட்டாவது

கிளாடியஸ் மாஸ்டருக்கு முழு வாக்கியம்தான் காதில் விழும். அரை வாக்கியம் விழாது. காதில் கோளாறு எதுவும் இல்லை. அவர் வைத்திருந்த விதி அப்படி.

தூத்துக்குடியில் துறைமுகம் போகிற சாலையில், ஒரு வலைக்கடையின் மாடியில் அவர் வகுப்பு நடத்தினார். கப்பல் வேலைக்குப் போக நினைக்கிறவர்கள் அங்கே வந்து இங்கிலீஷ் படித்தார்கள். மாஸ்டருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. படிக்க வந்தவர்கள் எல்லாரும் அவருக்கு மூத்தவர்கள். அவர்களை அவர் அண்ணாச்சி என்பார். அவர்கள் அவரை மாஸ்டர் என்பார்கள். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

பாடத்தைத் தமிழில்தான் விளக்குவார். ஆனால் கேட்கிறவர்கள் தமிழில் வாய் திறக்கக் கூடாது. யார் என்று முதலில் வரவேண்டும், என்ன செய்கிறார் என்று அடுத்து வரவேண்டும், எதை என்று அதற்குப் பிறகு வரவேண்டும். வரிசை பிசகினால் உள்ளங்கையைக் காட்டிவிட்டு போர்டு பக்கம் திரும்பிக்கொள்வார். அவ்வளவுதான். தப்பு என்றுகூடச் சொல்லமாட்டார்.

அந்த உள்ளங்கையை அதிகம் பார்த்தவர் இசக்கியப்பன். பஸ் ஸ்டாண்டு பக்கம் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தவர். ஒருநாள் எழுந்து, "சார், பாத்ரூம்" என்றார். உள்ளங்கை. "மீ பாத்ரூம் கோ" என்றார். உள்ளங்கை. கொஞ்ச நேரம் நெளிந்து பார்த்துவிட்டுக் கேட்காமலே ஓடிப்போனார். திரும்பி வரும்போது படியில் வைத்து ஒருவர், "சென்டென்ஸ் முடிஞ்சிட்டா அண்ணாச்சி?" என்று கேட்டார். படி முழுக்கச் சிரிப்பு. அதற்குப் பிறகு இசக்கி வகுப்பில் வாய் திறக்கவே இல்லை. வாசல் பக்கத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார்.

முன் பெஞ்சில் சுயம்புலிங்கம். உப்பளத்து ஆபீஸில் வேலை பார்த்தவர். அந்த ஆபீஸை மூடிவிட்டார்கள். மாஸ்டர் சொன்ன எதையும் அவர் மறந்ததில்லை. நவுன் என்பது ஆள். ப்ரோநவுன் அந்த ஆள் வராதபோது அவர் இடத்தில் நிற்கிறவன். வெர்ப் என்பது வேலை. அட்ஜெக்டிவ் ஆளுக்குச் சட்டை, அட்வெர்ப் வேலைக்குச் சட்டை. ப்ரெபோசிஷன் யார் எங்கே இருக்க வேண்டும் என்று இடம் காட்டும். கன்ஜங்ஷன் கயிறு மாதிரி, இரண்டைச் சேர்த்துக் கட்டும்.

இந்த ஏழு சொல்வகைகளையும் நடத்திவிட்டு மாஸ்டர் சாக்பீஸைக் கீழே வைத்தபோது சுயம்புலிங்கம் எழுந்து, ஒரு பிழையும் இல்லாத வாக்கியத்தில், எட்டு என்று சொன்னீர்களே, எட்டாவது என்ன என்று கேட்டார்.

"இன்டர்ஜெக்ஷன்" என்றார் மாஸ்டர். "ஐயோ, அடடா, சீ, இந்த மாதிரி. அது வாக்கியத்துக்கு வெளிய நிக்கும். எதோடவும் ஒட்டாது. நமக்கு வேண்டாம், விடுங்க."

சுயம்புலிங்கம் விட்டுவிட்டார்.

ஒரு கப்பலின் சமையலறைக்கு ஆள் தேவைப்பட்டது. ஒரே ஓர் ஆள். ஏஜெண்டுக்கு மாஸ்டர் சொல்தான் சொல். அவர் பெயர் சொன்னால் வேலை, வேறு இண்டர்வியூ கிடையாது. மத்தியானம் போன் பண்ணுகிறேன், ஒரு பெயர் சொல்லுங்கள் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார்.

அது சுயம்புலிங்கம்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் வீட்டுக்காரி தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். வேறு பிழைப்பும் அவருக்கு இல்லை. அன்றைக்குக் காலையில் வரும்போதே அவர் ஒரு முடிவோடு வந்திருந்தார். மத்தியானம் வரைக்கும் ஒரு தப்பு வரக் கூடாது. அந்த உள்ளங்கையை இன்றைக்கு மட்டும் பார்த்துவிடக் கூடாது.

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து நடத்திக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே ஃபேன். கடல் பக்கத்து ஊர், உப்புக்காற்று எந்த இரும்பையும் விடாது. அந்த ஃபேன் ஒரு வாரமாகவே முனகிக்கொண்டிருந்தது.

மாஸ்டரின் வெள்ளைச் சட்டைத் தோளில் தூள் விழுந்தது. சாக்பீஸ் தூள் என்று நினைத்தார் சுயம்புலிங்கம். நிறம் பழுப்பாக இருந்தது. அண்ணாந்து பார்த்தார். கொக்கி விரிந்திருந்தது. ஃபேன் ஆடிக்கொண்டிருந்தது.

அவர் எழுந்து நின்றார். மாஸ்டர் பேச்சை நிறுத்தி, சொல்லுங்கள் என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

முதலில் நவுன். ஃபேன். வெறும் ஃபேன் என்று சொல்லக் கூடாது, முன்னால் ஒன்று வரவேண்டும். "எ" வா, "தி" யா? இருப்பது ஒரு ஃபேன்தான், அதனால் "தி". சரி. அடுத்து வெர்ப். கழன்றுகொண்டிருக்கிறது. கழலுவதற்கு இங்கிலீஷில் என்ன? தெரியவில்லை. விழுவது தெரியும். ஆனால் இன்னும் விழவில்லையே. விழுகிறது என்றால் பொய். விழும் என்றால் எப்போது என்று ஆகிவிடும். விழப்போகிறது. அதற்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தாரே.

மாஸ்டர் காத்திருந்தார். நல்ல மாணவன், நல்ல வாக்கியமாகத்தான் வரும் என்று அவர் முகத்தில் ஒரு சிரிப்புகூட இருந்தது.

"ஏலே, தள்ளுலே!"

கடைசி பெஞ்சிலிருந்து வந்தது அது. வகுப்பே அதிர்ந்து திரும்பியது. மாஸ்டரைப் பார்த்து ஏலே என்கிறான். மாஸ்டரும் அதிர்ந்துதான் எழுந்தார். கோபத்தில் எழுந்தாரோ பயத்தில் எழுந்தாரோ, நாற்காலியை விட்டு ஓர் எட்டு வைத்துவிட்டார்.

ஃபேன் நாற்காலியில் விழுந்தது.

நாற்காலியின் முதுகு இரண்டாகப் பிளந்தது. ஓர் இறக்கை மாஸ்டரின் காதைக் கீறிக்கொண்டு போய் போர்டில் குத்தி நின்றது. கரண்ட் வயர் மேலே தொங்கி ஆடியது. யாரும் அசையவில்லை. கீழே வலைக்கடைக்காரர், என்னப்பா அங்கே என்று கத்துவது கேட்டது.

அப்போதுதான் சுயம்புலிங்கத்தின் வாய் திறந்தது.

"சார், தி ஃபேன் இஸ் கோயிங் டு ஃபால்."

ஒரு பிழை இல்லை. யாரும் சிரிக்கவில்லை.

இசக்கி அதற்குள் பையைத் தோளில் மாட்டிவிட்டார். மாஸ்டர், வாய் தவறிவிட்டது, பெரிய மனுசரைப் போய் ஏலே என்று சொல்லிவிட்டேன், நான் நாளையிலிருந்து வரவில்லை என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு செருப்பைத் தேடினார். ஒரு செருப்புதான் காலுக்கு அகப்பட்டது.

மேஜையில் போன் அடித்தது. கண்ணாடி கீறியிருந்தது, ஆனாலும் அடித்தது. மாஸ்டர் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறுகையால் எடுத்தார்.

"ஆமா, சொல்லுதேன். இசக்கியப்பன்" என்றார். "ஆமா, கிச்சனுக்குத்தான்."

போனை வைத்தார். இசக்கி ஒற்றைச் செருப்போடு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஒவ்வொருவராகக் கீழே இறங்கினார்கள். சுயம்புலிங்கம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். அந்த அறையில் முதல்முறையாகத் தமிழில் பேசினார்.

"மாஸ்டர், அவருக்கு ஒரு சென்டென்ஸ்கூடத் தெரியாது."

உள்ளங்கை வரவில்லை.

"தெரியாது" என்றார் மாஸ்டர்.

"நான் ஒரு தப்பும் பண்ணல."

"பண்ணல."

"ஃபேன முதல்ல பாத்ததும் நான்தான்."

மாஸ்டர் கைக்குட்டையால் காதைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

"எப்ப பாத்தீய?"

"உங்க தோள்ல துரு விழுந்தப்பவே."

மாஸ்டர் தன் தோளைத் திரும்பிப் பார்த்தார். பழுப்புத் தூள் அப்படியே இருந்தது. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஃபேன் விழுந்தபோதுகூட அவர் இப்படி ஆகவில்லை.

"பாத்துட்டா நின்னீய?"

"சென்டென்ஸ் முடியல, மாஸ்டர்."

மாஸ்டர் பிளந்த நாற்காலியைப் பார்த்தார். போர்டில் குத்தி நின்ற இறக்கையைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் நவுன் முதல் கன்ஜங்ஷன் வரை ஏழு பெயர்கள் வரிசையாக இருந்தன.

"குத்தம் உங்க பேர்ல இல்ல அண்ணாச்சி. நான் உங்களுக்கு ஏழுதான் சொல்லிக்குடுத்தேன்."