வரிசை மாறிய மஞ்சள் குடம்

இந்தக் கதையைச் சும்மா கேட்டுவிட்டு எழுந்து போக முடியாது. முடிவில் தீர்ப்பு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உலகெங்கும் தண்ணீருக்காக நடக்கும் சண்டைகளைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்தார் தயாபரன். நாலு நாடு சுற்றியாயிற்று. கடைசியாக ராமநாதபுரம் கடலோரத்தில், உப்பளத்தை ஒட்டிய ஒரு சிற்றூருக்கு வந்தார். அங்கே நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் லாரி வரும். அந்த ஊர்ப் பங்கு முப்பது குடம்தான்; அது நிறைந்தால் லாரி கிளம்பிவிடும். பெண்கள் காலையிலேயே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு உப்பளத்துக்குப் போய்விடுவார்கள். ஐந்து வருடமாக இப்படித்தான். ஒருநாள்கூடக் கைகலப்பு நடந்ததில்லை. சண்டையைத் தேடி வந்த மனிதருக்கு இது பெரிய ஏமாற்றம்.

முதல் ஆளாகக் குடம் வைத்த மாரிச்செல்வி, வேலைக்குப் போகும்போது தயாபரனிடம் சொன்னாள்:

"குடத்த மட்டும் தொட்டுறாதீக சார். அங்கன நிக்கிறது நாங்கதேன்."

தயாபரன் தலையாட்டினார். தூரத்தில் இருந்த கேமராமேன் ரூபனுக்கு இது தெரியாது. அவன் வந்து கேமராவில் பார்த்தான், முன்னால் இருந்த குடத்தின் நிறம் எடுபடவில்லை என்று நினைத்தான். கடைசியில், முப்பத்தோராவதாக இருந்த மஞ்சள் குடத்தை எடுத்து முதலில் வைத்தான். அங்கிருந்த மாரிச்செல்வியின் நீலக் குடத்தை மஞ்சள் குடம் இருந்த கடைசி இடத்தில் வைத்தான். தயாபரன் பார்த்தார். ஒரு நொடி தயங்கினார். காட்சி அழகாக இருந்ததால் பேசாமல் இருந்துவிட்டார்.

மஞ்சள் குடம் ராக்கம்மாளுடையது. அவள் மகளுக்கு அம்மை இறங்கி, மறுநாள் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். லாரி வந்ததும் ஓடி வந்தவள், தன் குடம் முதலில் இருப்பதைக் கண்டு கண் கலங்கினாள்.

"எம்புள்ளைக்காக முன்னால வச்சுருக்காக போல. மகராசிக!"

பாவம், அப்படித்தான் நம்பினாள். பின்னால் வந்த மாரிச்செல்வி, தன் குடம் கடைசியில் கிடப்பதைப் பார்த்தாள். ராக்கம்மாள் குழாயடியில் நிற்பதையும் பார்த்தாள். ஆத்திரத்தில் பிடித்துத் தள்ளினாள். லாரியின் இரும்புக் குழாயில் தலை மோதி ராக்கம்மாள் விழுந்தாள். ரூபன் கேமராவை இறக்கினான். "நிறுத்தாதே, எடு" என்றார் தயாபரன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் ராக்கம்மாள் இறந்துபோனாள். அவள் கணவன் உறங்காப்புலியின் முன்னால் மூவரும் நின்றார்கள்.

"எங் கைதேன் தள்ளுச்சுண்ணே" என்று மாரிச்செல்வி காலில் விழுந்தாள்.

"குடத்த மாத்தினது நான்தாங்க" என்று ரூபன் அழுதான்.

தயாபரன் மெல்லச் சொன்னார்: "உங்க மனைவியக் கொன்னது தண்ணிப் பஞ்சம்ங்க. அத உலகத்துக்குச் சொல்லத்தான் இந்தப் படம்."

கேட்டவர்களே, இந்தச் சாவுக்கு யார் பொறுப்பு? மாரிச்செல்வியா, ரூபனா, தயாபரன் சொன்ன பஞ்சமா?

விடை: பஞ்சம் அந்த ஊரில் ஐந்து வருடமாக இருந்தது, யாரையும் கொல்லவில்லை. ரூபன் தெரியாமல் செய்தான். மாரிச்செல்வி ஏமாற்றப்பட்டதாக நம்பிச் செய்தாள், அதுவும் குற்றம்தான். ஆனால் குடம் என்றால் என்ன என்பதும், அதை நகர்த்தியது யார் என்பதும் தெரிந்த ஒரே ஆள் தயாபரன். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், தள்ளும் கை நின்றிருக்கும். எனக்கு மனது ஆறவில்லை. படம் வெளிவந்துவிட்டது, அந்தச் சண்டையும் அதில் இருக்கிறது. குடம் இடம் மாறியதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. மாரிச்செல்வி சிறையில் இருக்கிறாள்.