தோணியில் பூனைக்கு இடம் கிடைத்த கதை

அந்தக் காலத்தில், விலங்குகளும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, கடற்கரையில் ஒரு சட்டம் இருந்தது. உடைந்த கப்பலிலிருந்து எது கரை ஒதுங்கினாலும் அது அந்தக் கரையில் வாழ்கிறவர்களுக்குச் சொந்தம். உடையவரே வந்து அழுதாலும் திரும்பக் கிடைக்காது.

அப்போது ஆலந்தீவில் புயல் அடித்துப் படகுகள் எல்லாம் நொறுங்கிப்போயின. படகு கட்ட மரம் இல்லாமல் நாற்பது குடும்பங்கள் பட்டினி கிடந்தன. அவர்களுக்காகத் தேக்குக் கட்டைகளை ஏற்றிக்கொண்டு ஒரு தோணி புறப்பட்டது. அதைச் செலுத்திய தண்டலின் பெயர் குட்டியாண்டி. பாயையும் கயிற்றையும் எலி கடிக்காமல் காக்க ஒரு சாம்பல்நிறப் பூனையும் கூடவே போனது.

பாதி வழியில் மறுபடியும் புயல் பிடித்துக்கொண்டது. தோணி இரண்டாகப் பிளந்தது. பாய்மரத்தைப் பற்றிக்கொண்ட குட்டியாண்டியையும் ஆட்களையும் அலை எங்கோ இழுத்துப்போனது. பூனை ஒரு கட்டையில் நகத்தை ஊன்றிக் கிடந்தது.

விடிந்தபோது கட்டைகள் ஒரு மீனவர் குப்பத்தில் ஒதுங்கின. குப்பத்து ஆட்கள் கழுத்தளவு அலையில் இறங்கி, ஒன்றுவிடாமல் கரைக்கு இழுத்துப்போட்டார்கள். ஊர்த்தலைவர் மாசிலான் கோடரியோடு வந்தார்.

"தலைவரே, நிறுத்துங்கள்! இது எங்கள் தோணியின் சரக்கு" என்றது பூனை.

"தோணி செத்துப்போச்சு. செத்த தோணியின் சரக்கு எங்களுக்குத்தான்."

"தோணியில் வந்த ஓர் உயிர் பிழைத்திருந்தாலும் தோணி சாகவில்லை. நான் பிழைத்திருக்கிறேன்."

கூட்டம் சிரித்தது. "பூனையெல்லாம் ஓர் ஆளா?" என்று கேட்டார் மாசிலான்.

"தண்டல் ஆளுக்கு ஒரு கை சோறு போடுவார். எனக்கும் ஒரு கை. வேலை செய்தேன், பங்கு வாங்கினேன். பிறகு நான் ஆள் இல்லையா?"

"இது உங்கள் கட்டைதான் என்று நாங்கள் எப்படி நம்புவது?"

"புரட்டிப் பாருங்கள். ஏற்றிய நாள் முதல் இவற்றில்தான் நகம் தீட்டினேன். எல்லாவற்றிலும் என் நகக்கீறல் இருக்கும்."

புரட்டினார்கள். ஒவ்வொரு கட்டையிலும் கீறல் இருந்தது. ஆனாலும் மாசிலானுக்குக் கட்டைகளை விட மனமில்லை. "சட்டம் சட்டம்தான்" என்று கோடரியை ஓங்கினார்.

பூனை பாய்ந்து போய், கோடரி விழும் இடத்தில் படுத்துக்கொண்டது. உடம்பெல்லாம் உப்புநீர், பசி வேறு. ஆனால் கண் இமைக்கவில்லை. "முதலில் என்னை வெட்டுங்கள். அப்போதுதான் தோணியில் உயிர் இல்லை என்று சொல்ல முடியும். படகு கட்ட இந்த மரம் இல்லாமல் ஆலந்தீவில் நாற்பது அடுப்பு எரியவில்லை, தலைவரே."

ஓங்கிய கை அப்படியே நின்றது. மாசிலானும் கடலோடிதான். கோடரியை மணலில் போட்டார். "உடையவர் வரும்வரை யாரும் தொடக்கூடாது" என்றார்.

மூன்றாம் நாள் குட்டியாண்டி கரையோரமாகவே தேடிக்கொண்டு வந்து சேர்ந்தான். அவனுடைய ஆட்களும் பிழைத்திருந்தார்கள். பூனையை வாரி எடுத்து மார்போடு அணைத்தான்.

பிறகு மாசிலானிடம், "அலையில் இறங்கி மீட்டது உங்கள் ஆட்கள். பத்தில் ஒரு கட்டை உங்களுக்கு" என்றான்.

"மற்றதை எங்கள் படகுகளிலேயே தீவுக்குக் கொண்டுவருகிறோம்" என்றார் மாசிலான்.

அன்று முதல்தான் கப்பலில் ஓர் உயிர் மிஞ்சினாலும் சரக்கு உடையவருக்கே, மீட்டவருக்கு அதில் ஒரு பங்கு என்ற வழக்கம் வந்தது. கடலோடிகளும் பூனை ஏறாமல் நங்கூரம் எடுப்பதில்லை.