மகாராஜாவின் குறட்டையும் கணினிக் குக்கீகளும்

பூவேலி நாட்டை ஆண்ட கோதண்டவர்ம மகாராஜாவின் அவையில் நான் விதூஷகன். பெயர் சாரங்கபாணி. பெரிய புத்திசாலி என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனும் நான்தான். அரண்மனைக்குக் கணினி வந்தபோது அதை எங்கே அமுக்கினால் உயிர் வரும் என்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. அந்த ஒரே தகுதியால் அதுவும் என் தலையில் விழுந்தது.

ஒருநாள் மத்தியானம் மகாராஜா அவசரமாகக் கூப்பிட்டனுப்பினார். போனால், கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன்னால் வியர்த்து உட்கார்ந்திருக்கிறார்.

“ஓய், இதைப் பாரும்.”

பஞ்சாங்கப் பக்கம் திறந்திருந்தது. ராகுகாலத்துக்குப் பக்கத்தில், ‘குறட்டையா? உடனடி நிவாரணம்!’ என்று ஒரு விளம்பரம். சமையல் பக்கத்தைத் திறந்தார். புளியோதரைக்கு மேலே குறட்டைத் தலையணை.

விஷயம் இதுதான். மகாராஜா குறட்டை விடுகிறார் என்பது மகாராணியின் கட்சி. இல்லவே இல்லை என்பது மகாராஜாவின் கட்சி. கல்யாணமான நாளிலிருந்து நடக்கும் வழக்கு. இந்த லட்சணத்தில் மனிதர் ரகசியமாகக் குறட்டைக்கு மருந்து தேடியிருக்கிறார்.

“சாயங்காலம் ராணி கோயிலிலிருந்து வந்ததும் இதில்தான் உட்காருவாள். பார்த்தால் என் மானம் போச்சு. இவர்களுக்கெல்லாம் யார் சொன்னது?”

“குக்கீகள், மகாராஜா. நாம் போகிற தளம் ஒவ்வொன்றும் நம் கணினியில் ஓர் அடையாளச் சீட்டு வைக்கும். மறுபடி போனால் நம்மைக் கண்டுகொள்ளத்தான். விளம்பரக்காரர்களும் கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்து சீட்டு வைத்துவிடுவார்கள். பிறகு நாம் எங்கே போனாலும் பின்னாலேயே வருவார்கள்.”

“என்னைத் தெரிந்து வைத்திருக்கும் அத்தனை சீட்டையும் அழித்துவிடும். ஆனால் அப்புறம் எந்தத் தளமும் ‘நீங்கள் யார்’ என்று என்னைக் கேட்கக் கூடாது. கடவுச்சொல் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. முடியாவிட்டால் சொல்லும், உம்முடைய வேலையைத் தளவாயின் மைத்துனனுக்குக் கொடுத்துவிடுகிறேன்.”

எல்லாரும் மறக்கவும் வேண்டுமாம், ஞாபகமும் வைத்திருக்க வேண்டுமாம். தளவாயின் மைத்துனனோ ஏற்கெனவே என் ஆசனத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனவன். பயந்தால்தான் எனக்கு மூளை வேலை செய்யும்.

“மகாராஜா சற்று நந்தவனத்தில் உலாவிவிட்டு வரட்டும்” என்றேன். அவர் தலை மறைந்ததும் அரண்மனை ஆட்களிடம் போய் ஒரு வார்த்தை சொன்னேன்.

மகாராஜா திரும்பி வந்தார். வழக்கமாக அவரைக் கண்டதும் பட்டப்பெயர்களை அடுக்கும் வாயில்காப்போன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான்.

“யார் நீங்கள்? யாரைப் பார்க்க வேண்டும்?”

அவனைத் தள்ளிவிட்டு உள்ளே வந்தார். அடைப்பக்காரன் வெற்றிலைத் தட்டோடு எதிர்ப்பட்டான்.

“ஐயாவுக்குப் புகையிலைப் பழக்கம் உண்டா?”

“ஓய் சாரங்கபாணி! என் அரண்மனையில் என்னை ஒருவனுக்கும் தெரியவில்லையா?”

“தங்களைத் தெரிந்து வைத்திருக்கிறவர்கள் யாரும் கூடாது என்று தாங்கள்தானே சொன்னீர்கள்? முதலில் வீட்டிலிருந்து தொடங்கினேன்.”

மகாராஜா என்னை முறைத்தார். பிறகு மீசை துடித்தது. சிரித்துவிட்டார்.

“சரி, புரிந்தது. நம் ஆட்கள் இருக்கட்டும். எட்டிப் பார்க்கிறவனை மட்டும் விரட்டும்.”

அதற்குத்தான் காத்திருந்தேன். கணினியின் அமைப்புகளைத் திறந்தேன். பஞ்சாங்கம், சமையல், கடிதப்பெட்டி எல்லாம் தெரிந்த பெயர்கள். அவற்றின் குக்கீகளை விட்டுவைத்தேன். தெரியாத பெயர்களையெல்லாம் பார்த்துப் பார்த்து அழித்தேன். இனி புது விளம்பரக்காரன் எவனும் சீட்டு வைக்க முடியாதபடி தடையும் போட்டேன். குறட்டைத் தலையணை போன இடம் தெரியவில்லை.

சாயங்காலம் மகாராணி வந்து உட்கார்ந்தார். பின்னால் மகாராஜா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கம் சுத்தமாகத் திறந்தது. மூலையில் மட்டும் ஒரு சின்ன விளம்பரம்.

‘பக்கத்து நாட்டு அவைக்கு விதூஷகர் தேவை.’

போன வாரம் இதே கணினியில் நான் தேடியது. அழிக்கும்போது அந்தத் தளத்தின் பெயரும் கண்ணில் பட்டது. தெரிந்த பெயராயிற்றே என்று நானே விட்டுவைத்திருந்தேன். புத்திசாலி!

“ஏன் சாரங்கபாணி, இங்கே உமக்கு என்ன குறை?” என்றார் மகாராணி.

“குறையெல்லாம் இல்லை, மகாராணி. ராத்திரியில்தான் தூக்கம் வருவதில்லை. என் அறை மகாராஜாவின் சயன அறைக்கு அடுத்த…”

மகாராஜா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார். “இவருடைய சம்பளத்தை உயர்த்திவிட்டேன். படுக்கவும் வேறு இடம் கொடுத்தாயிற்று. பேச்சு முடிந்தது.”

மகாராணி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அந்த நாட்டில் ராணி வேலை ஏதாவது காலியாக இருக்கிறதா என்றும் பாரும். எனக்கும்தான் தூக்கமில்லை.”

மகாராஜா சிரித்த சிரிப்பில் வழக்கு அன்றோடு முடிந்தது. தோல்வியை ஒப்புக்கொண்டார். எனக்கு வேறு இடமும் கிடைத்தது, யானைக் கொட்டாரத்துக்குப் பக்கத்தில். சத்தமே கிடையாது. படுத்ததும் தூங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் பாகன் மகாராஜாவிடம் வந்து நின்றான். யானை விடிய விடியத் தூங்கவில்லையாம்.