தோணி செய்ய வந்தவன் எந்தத் தோணியில வந்தான்?

கெழக்கால கடலு, மேக்கால உப்பங்கழி, நடுவுல வாழையிலை அகலத்துக்கு மணலு. அந்த மணலு மேல தாழைத்துறைன்னு ஒரு ஊரு இருந்துச்சாம். அந்த ஊர்ல தையல்நாயகின்னு ஒருத்தி இருந்தாளாம். தையு, தையுன்னு கூப்புடுவாங்க. அவளுக்கு எதைப் பாத்தாலும் சந்தேகம். உப்பு வாங்கப் போனா மூட்டைக்கு மேல ஒரு கல்லு, நடுவுல ஒரு கல்லு, அடியில ஒரு கல்லு எடுத்து நாக்குல வச்சுப் பாத்துட்டுத்தான் வாங்குவா. பொண்ணு பாக்க வந்தப்பவே, "மாப்பிள்ளை உக்காந்தே இருக்காரே, கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்க"ன்னவ அவ. சிரிக்காதீங்க, நெசந்தான். அந்த மாப்பிள்ளை பேரு அஞ்சாப்புலி. பேருக்கேத்த மாதிரி எதுக்கும் அஞ்சமாட்டான். ஒத்தை ஆளா கடலுக்குப் போயி, தூண்டில் போட்டு, ஆளு நீளத்துக்கு மீனைத் தூக்கிட்டு வருவான்.

அப்படி இருக்கையில ஒரு பொயலு அடிச்சுதாம். அடிச்சுதுன்னா அப்படி ஒரு அடி. ஊர்ல நாப்பது வீடு, நாப்பது வீட்டுக் கட்டுமரமும் போச்சு. வலையும் போச்சு. சனங்க கழியில எறா தடவிக் கஞ்சி குடிச்சாங்க.

சேதி ராசாவுக்குப் போச்சு. ராசா நல்ல மனுசன். "வீட்டுக்கு ஒரு ஒத்தையாள் தோணி அரமனை செலவுல தரேன். ஆனா கடலுக்குப் போறது நீங்க. எந்தத் தோணி வேணும்னு நீங்களே பாத்து வையுங்க. எட்டாம் நாளு நான் வரேன், ஊரு எதைச் சொல்லுதோ அதைச் செஞ்சவனுக்கே வேலையும் கொடுத்து, அரமனைத் தச்சன்னு பட்டமும் தரேன்"னு சொல்லி அனுப்பிட்டாரு.

மூணாம் நாளு வந்தான் வைரக்கண்ணுன்னு ஒரு தோணிக்காரன். எப்ப வந்தான், எப்படி வந்தான்னு யாரும் பாக்கலை. விடிஞ்சு பாத்தா கழியோரம் தாழம்புதருக்குப் பக்கத்துல நிக்கிறான், காலடியில பலகைக் கட்டு. டொக்கு டொக்குன்னு அடிச்சான், சாயந்தரத்துக்குள்ள ஒரு தோணியே செஞ்சுபுட்டான். அடி தட்டை, விளிம்பு தாழ்வு, மேல மஞ்சக் கலரு, மூக்குல ஒரு தாமரைப்பூ வேற எழுதியிருக்கான். "இதுக்குப் பேரு தாமரை"ன்னான்.

ஊரே கூடிடுச்சு. வைரக்கண்ணு தாமரையைக் கழியில மெதக்க விட்டு, அதுல ஒரு நெறகுடத்தை வச்சான். தளும்பலை. ஒரு வெளக்கை ஏத்தி வச்சான். அசையலை. ஒரு பெட்டைக்கோழியைத் தூக்கி உக்கார வச்சான், அது கண்ணை மூடித் தூங்கிப் போச்சு! அப்புறம் அவனே ஏறி எழுந்து நின்னுக்கிட்டு, "பாத்தீங்களா? ஆடுதா? அசையுதா? உங்க வீட்டுத் தரை கூட இப்படி இருக்காது"ன்னான். சனங்க கையத் தட்டுனாங்க. அஞ்சாப்புலி எல்லாருக்கும் முன்னால தட்டுனான்.

தையு தட்டலை. அவ கூட்டத்துக்குள்ள நுழைஞ்சு முன்னால போனா.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு தங்கச்சி."

"இது கடல்லயும் இப்படியே நிக்குமா?"

"கழியில நிக்கிறது கடல்ல நிக்காதா? அங்கயும் தண்ணிதான, இங்கயும் தண்ணிதான?"

"பெரிய மீனு மாட்டி ஒரு பக்கமா குனிஞ்சு இழுத்தா?"

"அதுக்குத்தான அகலமா வச்சிருக்கேன்."

"ஆளு தவறி விழுந்துட்டா, திரும்ப ஏற முடியுமா?"

"விழுந்தாத்தான தங்கச்சி ஏறணும்? இதுல விழவே மாட்டாங்களே!" ஊரே கொல்லுன்னு சிரிச்சுது.

மூணு கேள்விக்கும் பதிலு வந்துச்சு, ஆனா அவளுக்கு மனசு ஒப்பலை. ஏன்னு அவளுக்கே தெரியலை. திரும்பிப் போகப் போனவ நின்னு, "நீங்க எப்படிண்ணே வந்தீங்க? பாலம் ஒடைஞ்சு கெடக்கே, வண்டித்தடம் ஒண்ணும் காணமே?"ன்னா.

வைரக்கண்ணோட பார்வை ஒரு கண்ணிமை நேரம் தாழம்புதர் பக்கம் போயிட்டு வந்துச்சு. அப்புறம் சிரிச்சான். "கடல் வழியாத்தான் வந்தேன். இந்த மாதிரி ஒரு தாமரையிலதான். அதைப் பக்கத்து ஊர்க்காரங்க கேட்டாங்கன்னு குடுத்துட்டேன்."

ஒரு கண்ணிமை நேரந்தான். தையுவுக்கு அது போதும்.

வீட்டுக்கு வந்தா புருசன் கத்துறான். "ஊரே நல்லதுங்குது, நீ மட்டும் ஏண்டி நோண்டுற? மானம் போவுது!"

"ஏங்க, உப்பு சரியில்லன்னா கொட்டிட்டு வேற வாங்கலாம், உங்களை அப்படி வாங்க முடியுமா? கடலுக்குப் போறது நீங்க. கரையில நின்னு பாத்துக்கிட்டே இருக்கிறது நான்."

அவன் கஞ்சியைக் குடிச்சுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டான்.

மறுநா மத்தியானம், வெயிலுக்கு வைரக்கண்ணு ஒரு வீட்டுல சாப்புடப் போயிருந்தான். தையு கழியோரம் போனா. அவன் கடல்வழியா வந்தேங்கிறான். ஒரு ஆளு, ஒரு கட்டுப் பலகை, அதுவும் பொயலு ஓஞ்சும் அலை இன்னும் ஆளுயரத்துக்கு எழும்புற நேரம். இந்தத் தட்டைப் பலகையிலயா? பக்கத்து ஊர்ல குடுத்துட்டானாம், அப்ப அங்கேருந்து இங்க எதுல வந்தான்? நெனச்சுக்கிட்டே தாழம்புதரைச் சுத்திச் சுத்தி வந்தா. முள்ளு கிழிச்சுது. விடலை. உள்ள, வெட்டிப் போட்ட தாழை மட்டைக்கு அடியில, கருப்பா ஒண்ணு தெரிஞ்சுது.

மட்டையைத் தள்ளுனா, தோணி! கரிக்கட்டை மாதிரி கருப்பு. பூவும் இல்ல, பொட்டும் இல்ல. அடிவயிறு தட்டையும் இல்ல, கூரும் இல்ல, கொஞ்சம் உருண்டை. ரெண்டு பக்கமும் விலாவு வெளிய புடைச்சு, நெறமாசக்காரி மாதிரி இருந்துச்சு. மேல பலகை போட்டு மூடி, தண்ணி ஏறுனா வழிஞ்சு போக ஓட்டை வச்சிருந்துச்சு. தையு என்ன செஞ்சா தெரியுமா? குனிஞ்சு மூக்குல ஒரு நக்கு, நடுவுல ஒரு நக்கு, வாலுல ஒரு நக்கு. மூணு எடத்துலயும் உப்பு! கடலு காஞ்ச உப்பு.

"நீ இதுலதாண்டா வந்திருக்கே"ன்னா.

இழுத்துக் கழியில விட்டு ஏறி உக்காந்தா. ஏறின ஒடனே தொட்டில் மாதிரி ஆடுச்சு பாருங்க. 'அய்யோ, இதுவா? தாமரை எப்படி நின்னுச்சு, இது இப்படி ஆடுதே. நாந்தான் தப்பா நெனச்சுட்டேனா?' தன் சந்தேகத்து மேலயே அவளுக்குச் சந்தேகம் வந்துருச்சு. ஆனாலும் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஒரு பக்கமா சாஞ்சா. தோணியும் சாஞ்சுது. இன்னும் சாஞ்சா. இன்னும் சாஞ்சுது. இன்னும் சாஞ்சா, அந்தப் புடைச்ச விலாவு தண்ணிக்குள்ள போயித் தோளு குடுத்து, "இதுக்கு மேல விடமாட்டேன்"னு நின்னுக்கிச்சு! வேணும்னே குதிச்சா. விளிம்பைப் புடிச்சு மேல ஏறிப் பாத்தா. ஏத்திக்கிச்சு.

அதை மறைச்சு வச்சுட்டுத் தாமரைக்கிட்ட போனா. ஏறுனா, ஆடலை. சாஞ்சா, ஆடலை. இன்னும் கொஞ்சம் சாஞ்சா, கதவைச் சாத்துற மாதிரி ஒரே அடியில தொபுக்கடீர்னு கவுந்துடுச்சு! முன்னால ஒரு சொல்லு சொல்லலை, ஒரு ஆட்டம் ஆடலை. நிமித்தி ஏறப் போனா, அவ மேலயே கவுந்துச்சு. மறுக்கா ஏறப் போனா, மறுக்கா கவுந்துச்சு. மூணாவது தடவையும் அதே கதைதான்.

மூக்குல தண்ணி ஏறி இருமிக்கிட்டுக் கரைக்கு வந்தா, எதுத்தாப்புல வைரக்கண்ணு.

"என்ன தங்கச்சி, நனைஞ்சிருக்கே?"

"குளிச்சேன் அண்ணே."

"சேலையோடயா?"

"எங்க ஊர்ல அப்படித்தான்."

அவன் இவளைப் பாத்தான். அவ கையில தாழைமுள்ளு கிழிச்ச கீறலைப் பாத்தான். தையு ஓட்டமா ஓடிப்போயி புருசனைக் கையப் புடிச்சு இழுத்துக்கிட்டு வந்தா, ஊர்ப்பெரியவரு வேலாயுதத்தையும் கூட்டிக்கிட்டு வந்தா. புதருக்குள்ள பாத்தா மட்டை மட்டும் கெடக்கு. தோணி இல்ல!

வேலாயுதம் பெருமூச்சு விட்டாரு. "அம்மாடி, உனக்கு வெயிலு ஏறிடுச்சு. போயிப் படு."

அஞ்சாப்புலி அவ மூஞ்சியவே பாக்கலை. ராசா வர்ற வரைக்கும் ஊர்ல எந்தப் பொம்பளையும் அவகிட்ட நின்னு பேசலை. ஊருக்கு வர்ற தோணியைக் கெடுக்கப் பாக்குறாளாம்.

எட்டாம் நாளு காலையில ராசா படகுல கழியைத் தாண்டி வந்தாரு. குடை புடிக்கிறவன் ஒருத்தன், விசிறி வீசுறவன் ஒருத்தன். கடக்கரையில நாற்காலி போட்டு உக்காந்து, "ஊரு எதைச் சொல்லுது?"ன்னாரு. எல்லாரும் ஒரே வாயா, "தாமரை!"ன்னாங்க.

"இல்ல மகராசா"ன்னு ஒரு குரலு. தையுதான். "அது கவுக்கும் மகராசா. நான் ஏறிப் பாத்தேன்."

வைரக்கண்ணு கையக் கட்டிக்கிட்டு, "மகராசா, இந்தத் தங்கச்சிக்கு உப்பு மேலயும் சந்தேகம், மீனு மேலயும் சந்தேகம். ஊரையே கேட்டுப் பாருங்க"ன்னான்.

அஞ்சாப்புலிக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துடுச்சு. "என் பொண்டாட்டியால என் தலை குனிஞ்சு போச்சு மகராசா. நானே இதை அலைக்கு அந்தப்பக்கம் ஓட்டிக் காட்டுறேன்!"னு துடுப்பை எடுத்தான்.

தையு பாஞ்சு அவன் இடுப்பு வேட்டியைப் புடிச்சுக்கிட்டா. விடலை. எல்லாரும் சிரிக்கிறாங்க, அவ விடலை. கண்ணுல தண்ணி கொட்டுது. "மகராசா, இவரு போனா போறது என் தாலி. தோணி யாரோடது? செஞ்சவரு அவரு. கடல் வழியா வந்தேங்கிறவரும் அவரு. வந்த மாதிரியே ஒரு தடவை போயிட்டு வரட்டுமே. வந்துட்டா நான் இந்த ஊரை விட்டே போயிடறேன்."

ராசா சிரிப்பை நிறுத்திட்டாரு. "நியாயந்தான. வைரக்கண்ணு, போயிட்டு வா."

"மகராசா, எனக்கு வயிறு வலிக்குது."

"சுக்குத்தண்ணி குடுங்க அவனுக்கு."

"வெயிலுக்குத் தலை சுத்துது மகராசா."

"குடையைப் புடிங்க அவனுக்கு."

"இன்னிக்கு நாளு சரியில்ல மகராசா."

"அப்ப நான் வந்ததும் சரியில்லாத நாளா?"ன்னாரு ராசா. வைரக்கண்ணு தாமரையைத் தள்ளிக்கிட்டுத் தண்ணியில எறங்குனான்.

மொத அலை வந்துச்சு, தாண்டிட்டான். சனங்க "ஆகா"ன்னாங்க. ரெண்டாவது அலை கொஞ்சம் பக்கவாட்டுல வந்துச்சு. அலை சாஞ்ச பக்கமே தட்டைத் தோணியும் சாஞ்சுது, அவ்வளவுதான், தொபுக்கடீர்! பூ எழுதின மூக்கு வானத்தைப் பாக்குது, வைரக்கண்ணைக் காணம். அப்புறம் ஒரு தலை தெரிஞ்சுது. ஏறப் பாத்தான், கவுத்துச்சு. ஏறப் பாத்தான், கவுத்துச்சு. ஏறப் பாத்தான், கவுத்துச்சு. நீரோட்டம் வேற அவனை வெளிய இழுக்குது. கவுந்த பலகையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுக் கத்துறான்:

"அய்யோ, காப்பாத்துங்க! அந்தக் கருப்புத் தோணியை எடுத்துட்டு வாங்க! கழிக்குத் தென்கோடியில, சேத்துக்குள்ள அமுக்கி வச்சிருக்கேன்! கருப்புத் தோணி! கருப்புத் தோணி!"

அவன் வாயாலேயே சொல்லிட்டான். கேட்டீங்களா?

அஞ்சாப்புலி ஒரு நிமிசம் தையுவைப் பாத்தான். அப்புறம் நாலு பேரைக் கூட்டிக்கிட்டு ஓடுனான். சேத்துலேருந்து இழுத்து, கழுவி, தூக்கிட்டு வந்து அலையில விட்டு ஏறி உக்காந்தான். கருப்புத் தோணி ஆடுது, ஆடுது, ஆனா கவுக்கலை. அலை மேல வந்து விழுந்துச்சு, தண்ணி ஓட்டை வழியா வழிஞ்சு போச்சு. வைரக்கண்ணு பக்கத்துல போயி, ஒரே பக்கமா குனிஞ்சு, தலைமுடியப் புடிச்சு, பெரிய சுறாவை இழுக்கிற மாதிரி இழுத்து மேல போட்டான். தோணி சாஞ்சு, விலாவு குடுத்து, நின்னுக்கிச்சு. கரையில நின்ன தையு அப்பத்தான் மூச்சே விட்டா.

தண்ணியைக் கக்கிட்டு ராசா கால்ல விழுந்தான் வைரக்கண்ணு.

"இந்தக் கருப்புத் தோணி யாரு செஞ்சது?"

"எங்க மாமனாருகிட்ட கத்துக்கிட்டு நாந்தான் செஞ்சேன் மகராசா. ஒண்ணு செய்ய ஒரு மாசம் ஆவும், முதுகு ஒடைஞ்சு போவும். பலகையா அடிச்சா ஒரு நாளு. கழியில ஏறிப் பாக்குறவங்களுக்குக் கருப்புத் தோணி ஆடுதேன்னு புடிக்காது, தாமரைதான் புடிக்கும். அதான்..."

"அப்ப உனக்கு நல்லது தெரியும். தெரிஞ்சே குடுக்கலை"ன்னாரு ராசா. "பட்டமும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நாப்பது வீட்டுக்கும் நாப்பது கருப்புத் தோணி நீயே செய்யணும். ஒவ்வொண்ணு முடிஞ்சதும் மொதல்ல நீயே அதுல ஏறி அலையைத் தாண்டிட்டு வரணும். அதுக்கப்புறந்தான் ஊருக்காரன் கையில குடுக்கணும். அதுவரைக்கும் ஊருக்கு அரமனையிலேருந்து அரிசி வரும்."

மூணு வருசத்துக்கு மேல ஆச்சாம் அவனுக்கு. கையெல்லாம் காப்பு காச்சுப் போச்சாம்.

அன்னிக்கு வீட்டுக்குப் போற வழியில அஞ்சாப்புலி தயங்கித் தயங்கி, "ஏ தையு, உனக்கு எப்படித்தான் தெரிஞ்சுது?"ன்னான்.

"தெரியலைங்க. பயமா இருந்துச்சு, அதான் போயிப் பாத்தேன்."

"இனிமே எனக்கும் சொல்லு. சிரிக்கமாட்டேன்."

அவ நின்னு அவன் மூஞ்சிய உத்துப் பாத்தா. இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. அப்புறம், "சரி, நம்புறேன்"னா.

அதனால புள்ளைங்களா, எவனாவது ஒரு சாமானைப் பளபளன்னு உங்க முன்னால நீட்டுனா, அவன் தனக்குன்னு எதை வச்சிருக்கான்னு ஒரு தடவை எட்டிப் பாருங்க. யாரு சிரிச்சாலும் பரவாயில்ல.

தாழைத்துறைத் தோணியெல்லாம் கடலுக்குப் போயிருச்சு, என் கதை கரைக்கு வந்துருச்சு. காலை நீட்டிப் படுங்க.