காதை அடக்கிய யானை

மழை பொய்த்துக் காடே காய்ந்து கிடந்தது. குட்டையில் சேறுகூட மிச்சமில்லை. யானைக் கூட்டத்தின் தலைவி மாதங்கியின் குட்டி, தாகத்தில் எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் படுத்துவிட்டது.

“மண்ணுக்கடியில எங்க ஈரம் இருக்குன்னு கறையான் ராணிக்குத்தான் தெரியும்” என்றது காக்கை.

மாதங்கி புற்றின் முன்னால் போய் நின்றாள். காடே வழிவிடும் தலைவி அல்லவா! “ஏய் ராணி! தண்ணி எங்க இருக்கு? உடனே சொல்லு!” என்று ஓர் உதை விட்டாள். பாதிப் புற்று பொலபொலவென்று சரிந்தது.

உள்ளே தெரிந்த ஓட்டைகளில் சில மளமளவென்று அடைபட்டன.

மாதங்கிக்குப் பகீரென்றது. குட்டியின் உயிரல்லவா அந்த ஓட்டைக்குள் இருக்கிறது! முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். “தப்பு என்னோடதுதான் தாயே!”

ஏதோ முணுமுணுப்பு வந்தது. ஒன்றும் புரியவில்லை.

“கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க!”

மறுபடியும் முணுமுணுப்புதான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வெயிலுக்கு விசிறிக்கொண்டே இருந்த தன் காதுகள்தான் இரைச்சல் போடுகின்றன! நிறுத்தினால் உடம்பு கொதிக்கும். இருந்தும் நிறுத்தினாள்.

“வீட்டை இடிச்சிட்டுக் கேள்வி வேறயா?” ராணியின் மெல்லிய குரல் கேட்டது. “முதல்ல சுவர் எழும்பட்டும்!”

“அதுக்குள்ள என் குட்டி செத்துடும் தாயே!”

“என் குஞ்சுங்களும் வெயில்லதான் கிடக்குது!”

மாதங்கி எழுந்தாள். இடிந்த பக்கத்தில் தன் நிழல் விழும்படி மெல்ல நகர்ந்து படுத்தாள். “என் நிழல்ல கட்டுங்க.”

“சரி. ஆனா அசையாதே. அசைஞ்சா ஈரமண் உதிரும்!”

அவள் அசையவில்லை. வெயிலில் தலை கிறுகிறுத்தது. கூட்டத்து இளங்கொம்பன் ஒருவன் வந்து பொருமினான். “ஒரே மிதி! எல்லாத்தையும் கக்கிடும்!”

“வாயை மூடு!” என்றாள் மாதங்கி, காதைக்கூட ஆட்டாமல்.

வெயில் சாய்ந்தபோது கடைசி ஓட்டையும் அடைபட்டது. உள்ளிருந்து ராணி சொன்னாள்: “நாவல் மரத்துக்குக் கிழக்கே தோண்டு. எங்க சுவருக்கு ஈரமண் அங்கிருந்துதான் வருது. போம்மா, குட்டியைப் பாரு!”

மாதங்கி தோண்டினாள். மண் குளிர்ந்தது, பிறகு நீர் கசிந்தது. ஒரு சொட்டும் தான் குடிக்காமல், துதிக்கையில் முகந்து ஓடிப்போய்க் குட்டியின் வாயில் ஊற்றினாள். குட்டி சப்புக் கொட்டிக் கண் திறந்தது.

எவ்வளவு பெரியவராக இருந்தாலும், பிறரிடம் உள்ள அறிவை அதட்டிப் பெற முடியாது. பணிந்து கேட்டு, பொறுத்திருந்துதான் பெற முடியும்.